எர்ணாவூர் பாலம், மூணாவது கியர்: உங்க வண்டி எப்படி ஏறுது?

தண்டை_ஐகான்
ஃபோர்டு ஐகான் 1.6 பெட்ரோல், 2003

0-100 எத்தனை செகண்டு, டாப் ஸ்பீடு எவ்வளவுன்னு பேசிப் பேசி அலுத்துப்போச்சு. நம்ம வடசென்னை ஏரியாவுல அதை எங்க ஓட்டிப் பாக்குறது? டி.எச். ரோட்டுல (திருவொற்றியூர் ஹை ரோடு) காலையில பத்து மணிக்கு ரெண்டாவது கியர் தாண்டாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல முன்னாடி ஒரு டிரெய்லர், பின்னாடி ஒரு டிரெய்லர். நமக்குத் தேவை அடியில இழுவை. அதனால நானும் என் சித்தப்பா பையனும் சேர்ந்து ஒரு சோதனை வெச்சோம்.

எர்ணாவூர் மேம்பாலம். ஞாயித்துக்கிழமை காலை அஞ்சரை மணி, ரோடு காலி. நாலு பேர் உக்காரணும், ஏசி ஓடணும். பாலத்தடியில சரியா 30 கிலோமீட்டர் வேகத்துல மூணாவது கியர். அங்கேருந்து ஆக்சிலரேட்டர முழுசா மிதிக்கணும், கியர் மாத்தக்கூடாது. உச்சியில ஸ்பீடு முள்ளு எங்க நிக்குதோ அதான் உங்க மார்க்கு. 60 வந்துட்டா காலை எடுத்துடணும், இது ரேஸ் இல்ல.

என் ஐகான் 47. அப்பா 2003-ல புதுசா எடுத்த வண்டி, இன்னிக்கு 1,86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. 1597 சிசி, 92 குதிரைத்திறன். ஆனா நான் மதிக்கிறது அந்த 92-ஐ இல்ல. ஃபோர்டோட ராக்காம் இன்ஜின் குடுக்குற 130 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை, அதுவும் நிமிஷத்துக்கு 2,500 சுத்துக்கே கைக்கு வந்துடும். சிலிண்டருக்கு ரெண்டே வால்வு, அயன் பிளாக், டைமிங் செயின். பேப்பர்ல பாத்தா பழைய சரக்கு. பாலத்துல ஏறும்போது மட்டும் யாரோ பின்னாலேருந்து கை குடுத்துத் தள்ளுற மாதிரி ஒரே சீரா போகும்.

உங்க வண்டி எவ்வளவு? நம்பர் மட்டும் போடாதீங்க, எப்படி ஏறுச்சுன்னு சொல்லுங்க.


ராயபுரம்_விடெக்
ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 2001

43. சொல்லிட்டேன், மறைக்கல. ஆனா இந்த சோதனை என் வண்டிக்கு வெச்ச பரீட்சை இல்ல, மச்சி. நீச்சல்காரன கூப்ட்டு மரம் ஏறச் சொல்ற கணக்கு.

சிட்டியோட 106 குதிரையும் மேல்மாடியில குடியிருக்கு. கீழ் சுத்துல வால்வத் திறக்குற சின்ன கேம்தான் வேலை செய்யும், பெட்ரோலும் கம்மியா குடிக்கும். சுத்து ஏறினதும் எண்ணெய் அழுத்தத்துல ஒரு பின் நகர்ந்து பெரிய கேமைப் பூட்டும், வால்வு இன்னும் ஆழமா திறக்கும், இதான் விடெக். அந்த நிமிஷம் சத்தமே மாறும். அதுவரைக்கும் பாடம் படிச்சுட்டு இருந்த பையன் எழுந்து ஓடுற மாதிரி. மீஞ்சூர் பக்கம் வெளிவட்டச் சாலையில ஏறும்போது ரெண்டாவது கியர மாத்தாம விட்டுப் பாரு, 90 கிட்ட வர்ற வரைக்கும் அந்த இன்ஜின் மூச்சு வாங்காது. ஒத்த கேம்ஷாஃப்ட் வெச்சு 1500 சிசியில இத குடுத்தாங்க, 2000-ஆம் வருஷத்துல.

ஐகான் நல்ல வண்டிதான். 4,000 தாண்டினா அதுக்கு பேச ஒண்ணும் இல்லன்றது என் கருத்து.


தண்டை_ஐகான்

4,000 தாண்டி நீ எங்கடா போற? ராயபுரத்துலேருந்து ஹார்பர் கேட் வரைக்குமா?

ஒத்துக்குறேன், மேல் சுத்துல சிட்டி கிட்ட என் வண்டி நிக்காது. ஆனா தினமும் ஓட்டுற இருபது கிலோமீட்டர்ல உன் பெரிய கேம் எத்தனை தடவ வேலைக்கு வருது, அதைச் சொல்லு.


ராயபுரம்_விடெக்

வாரத்துக்கு ஒரு தடவ. அந்த ஒரு தடவைக்காகத்தான் இருபத்தஞ்சு வருஷம் ஆகப் போற வண்டிய வித்துடாம வெச்சிருக்கேன்.


மணலி_டீசல்
மாருதி ஸ்விஃப்ட் டீசல், 2012

வணக்கம். நான் கொளத்தூர்லேருந்து மணலிக்கு தினமும் ஷிஃப்ட் வேலைக்குப் போறவ. மூலக்கடை, மாதவரம், அப்புறம் டிரெய்லர் வரிசை. என் வீட்டுக்காரர், மாமியார், பொண்ணு மூணு பேரையும் ஏத்திக்கிட்டுப் போய் பாலத்துல பாத்தேன். 52 வந்துச்சு. அதுக்காக ஸ்விஃப்ட் ஜெயிச்சுதுன்னு எழுத மாட்டேன், ஏன்னா பாதி பாலம் வரைக்கும் நான் பயந்துட்டேன்.

30-ல மூணாவது கியர்னா என் வண்டியில சுமார் 1,300 சுத்து. அங்க டர்போ தூங்குது. மிதிச்சாலும் கரகரன்னு அதிருது, நகர மாட்டேங்குது. பின்னாடி ஒரு வேன் வந்திருந்தா ஹாரன் அடிச்சே கொன்னிருப்பான். சுத்து 1,800-ஐ தாண்டினதும் 190 நியூட்டன் மீட்டரும் மொத்தமா வந்து விழுது, மாமியார் கையில இருந்த தண்ணி பாட்டில் மடியில கொட்டிடுச்சு. அண்ணன் ஐகான் "ஒரே சீரா" ஏறுதுன்னு எழுதினாரே, அந்தக் குணம் என் வண்டிக்குக் கிடையாது. இது ரெண்டு ஆள் சேர்ந்த வண்டி, 1,800-க்கு கீழ ஒருத்தர், மேல ஒருத்தர்.

அதுக்கு ஏத்த மாதிரி ஓட்டப் பழகிட்டேன். டிரெய்லர முந்தணும்னா முன்னாடியே ரெண்டாவதுக்கு இறக்கி, டர்போவ எழுப்பி வெச்சுட்டுத்தான் வெளிய எட்டிப் பாப்பேன். மூணாவதுல இருந்துகிட்டு ஆசைப்பட்டு வெளிய வந்துட்டா, டிரெய்லரோட நடு சக்கரத்துக்கு பக்கத்துல மாட்டிக்குவோம். அந்த இடத்துலேருந்து டிரைவருக்கு நம்மள தெரியாது. புதுசா டீசல் எடுக்குற யாரா இருந்தாலும் இதை மொதல்ல கத்துக்கணும்னு ஆசைப்படுறேன்.


கொருக்குப்பேட்டை_ஜென்
மாருதி ஜென், 1997. தொழில்: மெக்கானிக்

சகோதரி சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. அந்த இன்ஜினோட கதையும் சேர்த்துச் சொல்றேன். அது ஃபியட்டோட 1.3 மல்டிஜெட், 1248 சிசி. மாருதி, டாட்டா, ஃபியட் எல்லாரும் இதையே போட்டாங்க. 75 குதிரை ஒண்ணு, வேரியபிள் டர்போ போட்ட 90 சொச்சம் குதிரை இன்னொண்ணு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுட்டாங்க. இன்னிக்கும் என் ஷெட்டுக்கு வர்ற டீசல் கார்ல பாதி இந்த இன்ஜின்தான். செயின் சத்தம் கேக்க ஆரம்பிச்சா தள்ளிப் போடாம பாத்துடணும், ஆயில கரெக்ட் கிலோமீட்டர்ல மாத்தணும். அவ்வளவு பண்ணா ஓடும்.

இப்ப என் ஜென். நாலு பேரோட 39. ரெண்டு பேரோட 46. அதே வண்டி, அதே பாலம், அதே காலை. 993 சிசி, 50 குதிரை, எடை 800 கிலோவுக்கும் கம்மி. ரெண்டு ஆள் கூட ஏறினா வண்டி எடையில ஆறுல ஒரு பங்கு கூடிடுது. பெரிய வண்டிக்கு ரெண்டு ஆள் ஒரு கணக்கே இல்ல, சின்ன வண்டிக்கு அது ஒரு கியர் வித்தியாசம். எல்லாரும் குதிரையத்தான் எண்றாங்க, கிலோவ யாரும் எண்றதில்ல.

கோயமுத்தூர் கரிவரதன் மாருதி 800-ஓட 796 சிசி இன்ஜினத் தூக்கி ஒத்த சீட்டு ரேஸ் காருல வெச்சாரு. ஃபார்முலா மாருதின்னு பேரு. வீட்டுல கறிகாய் வாங்கப் போற வண்டியோட அதே இன்ஜின். எடையக் குறைச்சதும் அது ரேஸ் வண்டி ஆயிடுச்சு, ஒரு தலைமுறை டிரைவருங்க அதுல பழகினாங்க. என் ஜென்னுல நான் காலியா போகும்போது அதுல ஒரு துளி எனக்குக் கிடைக்குது. ஸ்டீயரிங்ல பவர் கிடையாது, ரோட்டுல கிடக்குற கல்லு உள்ளங்கைக்கு வந்து சேரும்.


பெரம்பூர்_லோகோ
ஹிந்துஸ்தான் அம்பாசிடர் 1800 இசுசு, 1998

தம்பிகளுக்கு வணக்கம். ரயில்வே லோகோ ஒர்க்ஸில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அம்பாசிடர் 42. உச்சிக்கு வரும்வரை எந்த அலட்டலும் இல்லை. 1817 சிசி, 75 குதிரை, தரையில் கியர், ஐந்து வேகம். முன்பக்கம் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி, பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். ஸ்டீபன்சன் ரோட்டுப் பள்ளத்தில் மற்ற வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போகும்போது இது நேராகவே போகும். பின் இருக்கையில் என் மனைவி முழங்கால் வலியோடு ஏறி இறங்குகிறாள். அந்த உயரத்தில் வேறு கார் எனக்குத் தெரிந்து இல்லை. எனக்கு அது 92 குதிரையை விடப் பெரிய விஷயம்.

கரிவரதன் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சோழவரம் கார்ப் பந்தயத்தில் அவர் ஓட்டியதைக் கண்ணால் பார்த்தவன் நான். செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. பெரம்பூரிலிருந்து நாங்கள் ஐந்தாறு பேர் சைக்கிளில் விடியற்காலையில் கிளம்புவோம். வெயிலில் கான்கிரீட் கானல் நீராகத் தெரியும். அதில் முதலில் சத்தம்தான் வரும், வண்டி பிறகு வரும். வண்டி திருப்பத்தில் வேகம் குறைத்துக் கியர் இறக்கும்போது கூட்டம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஃபியட், ஹெரால்டு என்று ரோட்டில் பார்க்கும் கார்களும் அங்கே ஓடின. ஹெரால்டு நம் ஊர்ச் சரக்கு, ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்தது. பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்தால் இன்ஜின் முழுவதும் வெளியே நிற்கும், சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. பந்தயம் வடக்கிலிருந்து மேற்குக்குப் போய்விட்டது. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தபோது என் பேரன் தொலைக்காட்சியில் காட்டினான். நன்றாக இருந்தது. ஆனாலும் சோழவரத்தை வடசென்னைக்காரன் மறக்கக் கூடாது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், லாரிக்கு முன்பே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. அது அசோக் லேலண்டு ஆனது 1955-ல். திருவொற்றியூரில் என்ஃபீல்டு. இன்ஜின் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர் இது.


தண்டை_ஐகான்

ஐயா, படிச்சதும் புல்லரிச்சுப் போச்சு. எண்ணூர்ல கார் பூட்டினாங்கன்றதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். நேர்ல வந்து கேக்கணும், வீட்டுக்கு வரலாமா?


பெரம்பூர்_லோகோ

தாராளமாக வாருங்கள் தம்பி. மாலை நான்கு மணிக்கு மேல்.


காசிமேடு_ஜிப்ஸி
மாருதி ஜிப்ஸி கிங், 2004

41. 1298 சிசி, 80 குதிரை. சாஃப்ட் டாப்பு, ஏசி இல்ல, அத ரூல்ல சேத்துக்கோ. நாலு பேருக்குப் பதிலா நாலு ஐஸ் பெட்டி ஏத்திகினு போனேன், எடை கூடதான் இருக்கும்.

எல்லாரும் இழுவைய பத்தி பேசிகினுகீறீங்கோ. நம்ம பக்கம் வண்டிய கொல்றது உப்பு, அத யாரும் பேச மாட்டேன்றீங்க. நான் மீன் ஏலத்துக்கு விடிகாலை மூணு மணிக்கு ஹார்பர்ல நிறுத்துறேன், கடல் பத்தடி. சூரியன் வந்தப்புறம் வண்டியத் தொட்டா கை பிசுபிசுன்னும். உப்புக் காத்து ராத்திரி முழுக்க ஒட்டிகினு இருக்கும், பனி அத கரைச்சு கதவு உள்ளாற இறக்கும்.

ஒவ்வொரு கதவுக்கும் அடிப்பக்கம் சின்ன ஓட்டைங்க இருக்கும், தண்ணி வடியறதுக்கு. அது மணலும் மீன் செதிளும் சேந்து அடைச்சுக்கும். அடைச்சா தண்ணி உள்ளயே நின்னு, உள்ளேருந்து தகடு திங்கும். வெளிய பெயிண்ட்டு குமிழி வுடும்போது உனுக்கு தெரியும், அப்ப உள்ள ஒண்ணுமே இருக்காது. நான் ஒரு பழைய சைக்கிள் கம்பிய முனையில வளைச்சு வெச்சுகீறேன். வாராவாரம் வெள்ளிக்கெழம ஒவ்வொரு ஓட்டையா வுட்டு நோண்டுவேன். மொதல்ல கருப்பா சேறு வரும், அப்புறம் தண்ணி சொட்டும், கடைசியா கம்பி ஈஸியா போயி வரும். அப்பதான் அடுத்த கதவு. அப்புறம் அடியில நல்ல தண்ணி அடிச்சு, பட்டை ஸ்பிரிங்குக்கு ஆயில் பூசி வுடுவேன்.

இருவது வருஷம் ஆச்சு, சேசிஸ்ல ஓட்டை இல்ல. குலுக்கும், சத்தம் போடும், லாங் போனா முதுகு பேத்துடும். ஆனா பழவேற்காடு ஓரத்துல மண்ணுல இறங்கினா முன் சக்கரத்தையும் சேத்துப் போட்டு லோ கியர்ல போட்டேன்னா, ஆக்சிலரேட்டர் தொடாமலே நடந்து வரும். படகு இழுத்துகீறேன் அதுல.


எர்ணாவூர்_மின்வண்டி
டாட்டா நெக்ஸான் இவி, 2021

பாலம் என் வீட்டு வாசல். ஆனா நான் இந்த சோதனையில சேரலாமா தெரியல, என் வண்டிக்கு மூணாவது கியரே இல்ல. 30-ல மிதிச்சேன், பாதி பாலத்துலேயே 60 வந்துடுச்சு, ரூல்படி காலை எடுத்துட்டேன். 245 நியூட்டன் மீட்டர், மிதிச்ச நொடியே. எடை 1,400 கிலோ இருந்தும் அது தெரியல. டிரெய்லர் வரிசையில ஊர்றதுக்கு இதை விட சுகமான வண்டி நான் ஓட்டினதில்ல. கிளட்ச் இல்ல, சூடு இல்ல, காலை எடுத்தா தானே மெதுவாகி பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பிக் குடுக்கும்.

கம்பெனி சொன்ன 312 கிலோமீட்டர் எனக்கு வராது. ஏசி போட்டு ஊருக்குள்ள 200 முதல் 220. பேட்டரி 30.2 யூனிட்தான், அதுக்கு இது நியாயம்.

இந்தப் பாலத்துக்கும் எனக்கும் வேற ஒரு சம்பந்தம் இருக்கு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மூணாந்தேதி ராத்திரியே வண்டிய ஏத்தி இதே பாலத்தோட ஓரத்துல நிறுத்திட்டேன். காலையில கீழ பாத்தா எங்க தெரு இல்ல, தண்ணிதான். ரெண்டு நாள்ல அந்தத் தண்ணியில எண்ணெய் மிதந்து வந்துச்சு. சுவத்துல இடுப்பளவுக்கு கருப்புக் கோடு, இன்னும் சில வீட்டுல போகல. பக்கத்து வீட்டு அண்ணன் கார் அதுல ரெண்டு நாள் நின்னுச்சு. சீட் நுரை எண்ணெயக் குடிச்சிடுச்சு, எத்தனை தடவ கழுவியும் வாடை போகல. கடைசியில எடைக்குப் போட்டாரு. அவர் பொண்ணு கல்யாணத்துக்காக வாங்கின வண்டி அது.


ராயபுரம்_விடெக்

படிக்கவே கஷ்டமா இருக்கு. சேரலாமான்னு கேட்டீங்களே, தாராளமா சேருங்க. எங்க எல்லாரையும் ஜெயிச்சாச்சு நீங்க. ஆனா சத்தம் இல்லாத வண்டிய என்னால நேசிக்க முடியுமான்னு எனக்கே சந்தேகம், அது என் பழக்கம்.


கொருக்குப்பேட்டை_ஜென்

வெள்ளம்னதும் ஒரு விஷயம் அழுத்திச் சொல்றேன், தயவுசெஞ்சு எல்லாரும் படிங்க. அந்த வாரம் என் ஷெட்டுக்கு பதினோரு வண்டி வந்துச்சு. அதுல ஏழு, தண்ணி வடிஞ்சதும் ஓனர் சாவியத் திருப்பினதால செத்தது.

காத்து போற குழாய் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிருக்கும். காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க முடியாது. பிஸ்டன் மேல வந்து முட்டும், கனெக்டிங் ராடு வளையும். டீசல்ல இன்னும் மோசம், ஏன்னா மேல இருக்குற இடைவெளி ரொம்பக் கொஞ்சம், கொஞ்சூண்டு தண்ணியே போதும். தண்ணியில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. பேட்டரி வயர கழட்டிட்டு, டோ பண்ணி கொண்டு வாங்க. பெட்ரோல்னா பிளக்க கழட்டி இன்ஜின கையால சுத்தினா தண்ணி பீச்சிக்கினு வெளிய வரும், அதோட பிழைச்சுக்கும். சாதாரண பாலிசியில இந்த இன்ஜின் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் வராது, இன்ஜின் பாதுகாப்புன்னு தனியா சேக்கணும். வியாசர்பாடி சுரங்கப்பாதை வழியா போறவங்க அந்தக் காசப் பாக்காதீங்க.


வியாசர்பாடி_புதுசு
இன்னும் வண்டி இல்லை

எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேன் அண்ணே. எனக்கு காட்டுப்பள்ளி துறைமுகத்துல வேலை, ராத்திரி ஷிஃப்ட்டும் உண்டு. பைக்குல டிரெய்லர் நடுவுல போறதுக்கு வீட்டுல பயப்படுறாங்க. கையில மூன்றரை லட்சம். பழசு எது எடுக்கலாம்?


மணலி_டீசல்

தம்பி, நீ ஊர்ந்து போற ரோடு அது. முதல் கார்னா பெட்ரோலே எடு, டர்போ இல்லாம. எனக்கு என் ஸ்விஃப்ட் பிடிக்கும், ஆனா அதோட ரெண்டு குணத்தையும் டிரெய்லர் பக்கத்துல நின்னு கத்துக்க வேணாம்.


காசிமேடு_ஜிப்ஸி

டிஎன் 03, டிஎன் 04 போர்டா, அதான் நம்ம கடலோரத்து வண்டியா இருந்தா ஸ்டெப்னிய தூக்கி அந்தக் கிண்ணத்த பாரு. தரை விரிப்ப பிரிச்சு கைய வை. துரு இருந்தா வெல கேக்கவே கேக்காத, வந்துடு.


தண்டை_ஐகான்

என் ஐகான் மாதிரி ஒண்ணு எடுன்னு சொல்ல ஆசைதான். ஆனா பாகம் தேடி புதுப்பேட்டையில பாதி நாள் நிக்கணும், ராத்திரி ஷிஃப்ட் போறவனுக்கு அது சரிப்படாது. 1.2 கே சீரிஸ் பெட்ரோல் ஸ்விஃப்ட் பாரு. பாத்துட்டு பாலத்துக்கு ஓட்டிட்டு வா.


வியாசர்பாடி_புதுசு

பத்து நாள் கழிச்சு எழுதறேன். நாலு வண்டி பாத்தேன். ரெண்டுல ஸ்டெப்னி கிண்ணம் பழுப்பா உதிருது. ஒண்ணுல சீட் பெல்ட்ட முழுசா இழுத்துப் பாத்தா அடியில சேத்துக் கோடு, வெள்ளத்துல நின்ன வண்டின்னு திரும்பி வந்துட்டேன். நாலாவது 2013 ஸ்விஃப்ட் பெட்ரோல், ஒரே ஓனர், பெரம்பூர். மூணு லட்சத்து இருபதாயிரம் சொல்றாரு.

இன்னிக்கு காலையில எர்ணாவூர் பாலத்துக்கு எடுத்துட்டுப் போனோம். ஜென் அண்ணன் பக்கத்துல, அப்பாவும் அம்மாவும் பின்னாடி. 30, மூணாவது. மொதல்ல கொஞ்சம் யோசிச்சுது, அப்புறம் நிக்காம ஏறுச்சு. 45. உச்சியில அம்மா கடலப் பாத்துட்டே வந்தாங்க. நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கலாம்னு இருக்கேன்.


கொருக்குப்பேட்டை_ஜென்

வண்டி சுத்தம், நான் பாத்துட்டேன். கிளட்ச் மட்டும் இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர்தான் தாங்கும், அத சொல்லி விலையில ஒரு பத்தாயிரம் குறை. ஆர்சி-ல பேங்க் பேரு இருந்து, லோன் முடிஞ்ச என்ஓசி கைக்கு வராம ஒரு ரூபா குடுக்காத. நான் பதினோரு மணிக்கு மேல ஃப்ரீ, போறதுக்கு முன்னாடி போன் பண்ணு.